பாண்டிச்சேரியிலிருந்து என் பையில் வந்தவை

பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்களையும் கடலையும் பார்த்துவிட்டு இன்று பாண்டிச்சேரியிலிருந்து திரும்பினோம்.

பாண்டிச்சேரி மதுவை நம் பக்கம் கொண்டுவரத் தடை அல்லவா? எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள்.

கணவர் என் காதருகே குனிந்தார். "உன் பையில ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன். பொம்பளைங்க பையைத் தொட மாட்டாங்க. பேசாம இரு."

கோபம்கூட வரவில்லை. அசதிதான் வந்தது. பள்ளி ஆசிரியை நான். பிடிபட்டால் வேலை போய்விடும்.

காவலர் என்னைக் கடந்து போனார். "சார், இதையும் பாருங்க" என்று பையை நீட்டினேன்.

"யாருதும்மா இது?"

"பை என்னுதுங்க. பாட்டில் இவருதுங்க."

அவரை இறக்கிக்கொண்டு பஸ்ஸை அனுப்பினார்கள். நான் இறங்கவில்லை.

தருமபுரியில் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார், "எங்க அவன்?" என்றார்.

"பாண்டிய இன்னும் பாத்து முடிக்கலைங்க அத்தை" என்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?