டீக்கடையில் உறைந்த முட்டித் தண்ணீர்

தஞ்சாவூர் டாக்டர் என் வலது முட்டியில் ஊசி இறக்கி, மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார். சீழா, வாத வீக்கமா என்று தெரிய வேண்டும். சீழ் என்றால் அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயை என் கையிலேயே கொடுத்து, "அடுத்த தெருவுல லேப். நேரா போங்க" என்றார்.

நேராகத்தான் நொண்டினேன். நடுவில் டீக்கடை இருந்தது என் குற்றமா? ஊசிக்கு நான் கத்தவே இல்லை என்று (கத்தினேன்) பக்கத்து பெஞ்சுக்காரரிடம் இரண்டு டீ நேரம் விளக்கிவிட்டு எழுந்தேன். சட்டைப் பையிலிருந்த குழாயைச் சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் அசையவில்லை. ஜெல்லியாக நின்றது.

மனைவிக்குப் போன் போட்டேன். "உடம்பு உள்ளுக்குள்ளயே உறைஞ்சுக்கிட்டு வருது. அடுத்தது நெஞ்சுதான்."

"வர்றப்ப இட்லி மாவு ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்துட்டு உறையுங்க."

லேப் பெண் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். "வழியில எங்கங்க நின்னீங்க? கட்டியாயிடுச்சு, இதுல வெள்ளணுவை எண்ண முடியாது. மறுபடி எடுக்கணும்."

டாக்டரிடம் திரும்பிப்போய், டீக்கடை உட்பட நடந்ததைச் சொன்னேன். "ரத்தம் பூரா இப்படி ஆகுதா சார்?"

சிரித்தார். "நல்ல முட்டித் தண்ணி எவ்வளவு நேரம் வெச்சாலும் உறையாதுங்க. உறைய வைக்கிற புரதம் ரத்தத்துல இருக்கறது. மூட்டு வீங்கினா ரத்தக்குழாய் கசிஞ்சு அது உள்ள வந்துடும். வலை மாதிரி பின்னிக்கும்."

"அடிபட்டாத்தானே உறையணும்? எனக்கு அடியே படலையே."

"உடம்புக்கு அது தெரியலையே. வலையைப் பாத்து வெள்ளணுக்கள் இன்னும் சண்டைக்கு வரும். வீக்கம் கூடும், இன்னும் கசியும்."

உடைப்பே இல்லாத ஆற்றங்கரையில் எவனோ மணல் மூட்டை அடுக்க, அதைப் பார்த்து ஊரே மண்வெட்டியோடு ஓடிவந்து கரையை மிதித்தே சரிப்பது போல. என் முட்டிக்கும் என் புத்திதான்!

"சீழ்னாலும் உறையுமா சார்?"

"உறையும். அதான் எத்தனை வெள்ளணுன்னு எண்ணிப் பாக்கணுங்கறேன்."

இரண்டாவது ஊசிக்கும் கத்தினேன். வேறு குழாயில் ஊற்றிக் கொடுத்தார். "இதுல உறையாம இருக்க மருந்து இருக்கு. உங்க டீக்கடைக்காக."

இம்முறை நிற்கவில்லை. லேப் பெஞ்சில் காத்திருக்கையில் கை சும்மா இருக்கவில்லை. "அந்தப் பழைய குழாயைக் கொஞ்சம் குடும்மா."

"எதுக்குங்க?"

"என் முட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் எப்பப் பாக்கறது?"

வெளிச்சத்தில் பிடித்தால், மஞ்சளுக்குள் சிலந்திநூல் போல மெல்லிய வெண்மை. அதையே வெறித்துக்கொண்டிருந்தபோது அவள் தலையை நீட்டினாள்.

"வெள்ளணு சீழ் அளவுக்கு இல்லைங்க, கிருமியும் எதுவும் தெரியலை. வாத வீக்கம் மாதிரிதான் இருக்கு. மத்ததை டாக்டர் சொல்வாரு."

போன தைரியம் திரும்பியது. குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை.