கொஞ்சம் இருங்க சாமி, காலைப் பூட்டிக்கிறேன்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை. வல்லத்துக்குப் பக்கத்துல என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர். அந்த ஊர் மாதா கோயில்ல அவ பொண்ணுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான்.

இதுல மறக்க முடியாதது என்ன இருக்குன்னு கேப்பீங்க. சொல்றேன். எனக்கு ரெண்டு வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து இடது காலு சூம்பிப் போச்சு. தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும் காலிப்பர், அதாவது ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி வெச்ச பூட்ஸ். முட்டிகிட்ட ஒரு வளையம் இருக்கும். உட்காரணும்னா அதை மேல தூக்கிட்டு காலை மடக்கணும். எழுந்திருக்கணும்னா காலை நீட்டி, வளையத்தைக் கீழே அழுத்தி 'டக்'குனு பூட்டணும். பூட்டாம காலை ஊனினா முட்டி மடங்கி நான் தரையில கிடப்பேன். திண்டிவனத்துல ஜெராக்ஸ் கடை வேலைக்கு இதை மாட்டிக்கினுதான் தினம் பஸ் ஏறி இறங்குறேன்.

எங்க வழக்கத்துல வெள்ளை கவுன் எடுத்துத் தர்றதும் ஞானத்தாய்தான், கோயில் வாசல்லேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும் புள்ளையைத் தூக்கிக்கினு போறதும் ஞானத்தாய்தான். தங்கச்சியோட மாமியாருக்கு அங்கதான் கவலை. "பேருக்கு உங்க அக்கா இருக்கட்டும்மா, புள்ளையை நான் தூக்கிக்கிறேன்"னு சொல்லியிருக்காங்க. கெட்ட மனசுல சொல்லல, தெரியும். ஆனா பேருக்கு ஞானத்தாயா இருக்கறதுக்கு நான் எதுக்கு? என் தங்கச்சி ஒரு அழுத்தக்காரி. அக்கா தூக்கலைன்னா ஞானஸ்நானமே வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னா. ரெண்டு காலும் நல்லா இருக்கறவ, நிப்பா.

வீம்புக்கு சரின்னுட்டேன். அப்புறம்தான் யோசிக்க ஆரம்பிச்சேன். விழறதுக்கு நான் பயந்த ஆளே இல்ல, பஸ் ஸ்டாண்டுல விழாத இடம் பாக்கி கிடையாது. ஆனா கையில புள்ளையோட விழுந்தா? ஒரு பையில மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, கொட்டி, துண்டுல சுத்தி, அதைத் தூக்கிக்கினு வீட்டுக்குள்ளயே நடந்து பழகினேன். ஒருநாள் கால் இடறி வீடு பூரா மல்லாட்டை. ஜெபமாலை சொல்லிக்கினு இருந்த அம்மா, பாதியில நிறுத்தி, "நல்ல வேளை, இது அழாது"ன்னுட்டு மறுபடியும் ஜெபத்தைத் தொடர்ந்தாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது.

அன்னிக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஆண்டவர்கிட்ட பேரம் பேசினேன். "சாமி, அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் எனக்கு நல்ல காலா குடுத்துடு. முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கோ, ஏன்னு கேக்க மாட்டேன்."

அந்த நாளும் வந்துது. கோயில் வாசல்ல ஃபாதர் ஜெபம் சொல்லி உள்ளே அழைச்சார். புள்ளையை மார்போட அணைச்சுக்கினு ஒவ்வொரு அடியா எடுத்து வெச்சேன். பக்கத்துல மாமியாரம்மா ரெண்டு கையையும் ஏந்தினாப்புலயே வந்தாங்க, எந்த நேரமும் புடிச்சுக்கலாம்னு. ஒண்ணும் ஆகல. முதல் பெஞ்சுல போய் உட்கார்ந்தப்போ எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, ஊர் முழுக்கக் கூப்பிட்டு பிரியாணி போடணும் போல இருந்துது. வாசகம் படிச்சாங்க, ஃபாதர் பிரசங்கம் வெச்சார். புள்ள என் தோள்ல தூங்கிடுச்சு.

"பெற்றோரும் ஞானப் பெற்றோரும் முன்னாடி வாங்க"ன்னார் ஃபாதர். இருந்த குஷியில ஜல்தியா எழுந்துட்டேன். எழுந்த பிறகுதான் உறைச்சுது, உட்காரும்போது தூக்கின வளையம் அப்படியே மேல நிக்குது. காலிப்பர் போட்டவங்களுக்குத்தான் இது புரியும். ரெண்டு கையிலயும் புள்ள, குனிய முடியாது. வலது கால்லயே முழு பாரமும், இடது காலு தொங்குது. ஒரு அடி வெச்சா புள்ளையோட கீழே.

மாமியாரம்மா கையை நீட்டினாங்க. "குடும்மா, நான் பாத்துக்கிறேன்." குடுத்துடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஆனா குடுத்துட்டா, என்னால முடியாதுன்னு அவங்க நினைச்சது சரின்னு ஆயிடும். "இயேசுவே"ன்னு மட்டும் மனசுல சொன்னேன். வேற ஜெபம் எதுவும் வரல. ஆனா வாய் தன்னால தொறந்துது.

"கொஞ்சம் இருங்க சாமி, காலைப் பூட்டிக்கிறேன்."

வாசகம் படிச்ச மைக் பக்கத்துலயே இருந்துது. நான் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டுது. கடையில யாராச்சும் காலைப் பாத்தாக்கூட புடவையை இழுத்து மூடுறவ நான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உட்கார்ந்தேன், புள்ளையை மடியில போட்டு ஒரு கையால அணைச்சேன், மறு கையால காலை நீட்டி வளையத்தை அழுத்தினேன். 'டக்!' அதுவும் மைக்குல.

"பூட்டியாச்சா? மெதுவா வாங்க, நாங்க யாரும் எங்கயும் போகல"ன்னு ஃபாதர் சிரிச்சார். கோயிலே சிரிச்சுது, நானும்தான். அப்போ மாமியாரம்மா நீட்டின கையை மடக்கிக்கினு, நடுவுல கிடந்த நாற்காலியை நகர்த்திட்டுக் குரல் குடுத்தாங்க பாருங்க: "வழி வுடுங்கப்பா, ஞானத்தாய் வருது!"

தண்ணி பட்டதும் புள்ள முழிச்சு, கோயில் இடிஞ்சு விழற மாதிரி கத்தி, என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிஞ்சுது. நான் அசையல. சாப்பாட்டுப் பந்தியில மாமியாரம்மா வந்தவங்க எல்லார்கிட்டயும், "டக்குனு பூட்டிச்சு பாத்தீங்களா"ன்னு தானே பூட்டின மாதிரி பெருமையா சொல்லிக்கினு இருந்தாங்க.

இப்போ அந்த வாண்டு நல்லா ஓடுது. நான் போனா, 'டக்' சத்தம் கேட்டதும் செருப்பை மாட்டிக்கினு வாசலுக்கு வந்துடும், பெரியம்மா வெளியே கிளம்பறான்னு அதுக்குத் தெரியும். பஸ்ஸுல இப்பல்லாம் கண்டக்டர் விசிலடிக்கறதுக்கு முன்னாடியே, "கொஞ்சம் இருங்கண்ணா"ன்னு நானே குரல் குடுத்துடறேன்.

அன்னிக்கு நான் கேட்டது காலு. ஆண்டவர் குடுத்தது, நாலு பேர் முன்னாடி கூசாம 'கொஞ்சம் இருங்க'ன்னு சொல்ற தைரியம். பத்து நிமிஷத்துல திருப்பி வாங்கிக்கோன்னுதான் சொல்லியிருந்தேன், இன்னிக்கு வரைக்கும் அவர் வாங்கிக்கல.