கோயில் மணியும் செம்புக் குடமும்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து வேலைத்தலத்தில் இருந்த லேத்து, வேறெங்கோ உழைத்துத் தேய்ந்த பிறகுதான் மலையேறி வந்தது. இரும்பு கடையும் அந்தக் கிழட்டு மெஷினைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் மாடசாமி. அது ஓடும்வரைதான் வேலைத்தலத்துக்குப் பின்னாலிருந்த அறை அவனுக்கு. உலைச் சுவரின் சூட்டில் மனைவி ரெங்கம்மாவின் இளைப்பு அடங்கிக் கிடந்தது. லேத்து நின்றால் அறை போய்விடும். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கு அவள் போய், விடியற்குளிரில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும்.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம். லேத்தின் சுழலும் தண்டைத் தாங்குகிற வளையம், புஷ் என்பார்கள், தேய்ந்து ஆட்டம் கண்டது. கொழும்பில் கேட்டால் கப்பலே வரவில்லை என்றார்கள். லேத்து ஓடாவிட்டால் வேலைத்தலத்தைப் பூட்டிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். மாடசாமி பித்தளையில் ஒன்று செய்து போட்டான். வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு போயிற்று.

வெண்கலம்தான் தாங்கும். தோட்டத்தில் அப்படி மிச்சமிருந்தது மாரியம்மன் கோயிலில் கீறல் விட்டுக் கிடந்த வெண்கல மணி. அம்மனிடம் பூக் கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தது, உத்தரவு கிடைத்துவிட்டது. மாடசாமிக்குக் கண் கலங்கியது.

பதுளையில் உலோகம் வார்க்கும் மஹ்ரூப்பிடம் மணியைச் சுமந்து போனான். அவர் ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது மணிக்கு வார்த்த வெண்கலம், கல்லு மாதிரி. செம்பு சேத்தாத்தான் புஷ்ஷுக்குப் பதமாகும். புஷ் தேஞ்சா இன்னொண்ணு வார்க்கலாம். தண்டு தேஞ்சா எங்க போவீங்க?”

சண்டைக் காலத்தில் அவரிடமும் செம்பு இல்லை. வீட்டிலிருந்தால் கொண்டுவரச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட ரெங்கம்மா, தாய்வீட்டுச் சீராக வந்த செம்புக் குடத்தின் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவன் முன்னால் வைத்தாள்.

“எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு மண்பானை போதும்.”

மாடசாமி பதறிப்போனான். வீட்டில் புழங்கி எச்சிலும் தீட்டும் பட்ட குடத்தை அம்மன் மணியோடு உருக்குவதா?

“சாமி குத்தமாயிரும் புள்ள. ஒனக்குத்தான் கெடுதல் வரும்.”

லேத்து இரும்புக்கு எச்சில் ஏது, தீட்டு ஏது என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் மஹ்ரூப்பிடம் போய், செம்பு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னான். தன் தலையில் பழி போடக்கூடாது என்று முணுமுணுத்தபடியே அவர் மணியை மட்டும் உருக்கி வார்த்தார்.

புது புஷ் பொன்னாக மின்னியது. தேங்காய் உடைத்து ஓட்டினார்கள். லேத்து நல்ல பிள்ளையாக ஓடியது, கொஞ்ச காலம். பிறகு தண்டு கீச்சிட்டது. கழற்றிப் பார்த்த மாடசாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். புஷ்ஷில் ஒரு கீறல் இல்லை. தண்டுதான் விரல் பதியும் அளவுக்கு அரித்துப் போயிருந்தது. அதற்கு மாற்றுத் தண்டு இலங்கையிலேயே கிடையாது.

துரை சொன்னபடி பூட்டினார். மேல் லயத்துக் கூரை ஒழுகியது. ரெங்கம்மா இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே கொழுந்துக்குப் போனாள். குடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட மாடசாமிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான்தான் கெடுத்தேன் என்று அவன் மனசுக்குள் குமைந்தான்.

மார்கழிக் குளிரில் அவள் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரக் குடம் கேட்டார்கள். வீட்டிலிருந்தது அந்தச் செம்புக் குடம் ஒன்றுதான். மாடசாமி அதைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தான்.