உயிரோடு இருப்பதற்கு ஒரு லைசென்ஸ்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்பவன், அது இருக்கிறது என்று முதலில் நம்ப வைக்க வேண்டும். உயிரோடு இருக்கிறது என்று பிறகு நிரூபிக்க வேண்டும். கிளார்க் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு, திருவானைக்காவலில் ஒரு கொட்டகையில் வாழைக்கு நுண்ணுயிர்க் கரைசல் தயாரிக்கிறேன். லைசென்ஸுக்கு அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எந்த மேஜை?

'வேருக்கு ஊட்டம் தரும், வாடல் நோயைத் தீர்க்கும்' என்பது லேபிள். இரண்டாவது பாதி என் மனைவி உயிரோடு இருந்தபோது சொல்லி எழுதியது. வேளாண்துறை ஆபீசில் அலுவலர் அம்மா படித்துவிட்டு, "ஊட்டம்னா உரம், இந்த மேஜை. நோயைத் தீர்க்கும்னா பூச்சிமருந்துச் சட்டம், அடுத்த மேஜை. உங்களது எதுங்க?" என்றார். இரண்டும்தான் என்றேன்.

"ரெண்டும்னு ஒரு மேஜை கிடையாதுங்க ஐயா."

வீட்டுக்கு வந்து, அவளிடம் மனசுக்குள் சொல்லிவிட்டு, இரண்டாவது பாதியை அடித்தேன்.

ஒரே டேங்க்

சோதித்துப் பார்க்க வாங்கிப்போன ஜீயபுரம் வாழை விவசாயி சுப்பையா, வேலை மிச்சம் என்று, என் கரைசலையும் பூஞ்சைக்கான தாமிர மருந்தையும் ஒரே டேங்கில் ஊற்றித் தெளித்துவிட்டார். பலன் ஒன்றுமில்லை. தாமிரம் என் உயிர்களைக் கொன்றுவிடும் என்று விளக்கினேன்.

"உங்க ஆளுங்க அவ்ளோ நோஞ்சான்னா லேபிள்லயே சொல்லியிருக்கலாமுல்ல?"

நியாயம்தான். 'எந்த மருந்துடனும் கலக்காதீர்' என்று சேர்த்தேன்.

ஜீப்பில் போன சாம்பிள்

சோதனைக்குப் பாட்டில் எடுத்துப்போன உர இன்ஸ்பெக்டர், ஜீப்பின் முன்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் சாப்பிடப் போயிருக்கிறார். சித்திரை வெயில். 'உயிர் இல்லை' என்று முடிவு வந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் மனு தள்ளுபடி, கொட்டகைக்குப் பூட்டு. அடுத்த முறை ஐஸ் பெட்டியோடு நானே ஜீப்பில் ஏறி, ஆய்வகம் வரை மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடவா சார் போறீங்க?"

பத்தாம் நாள் அலுவலர் அம்மாவே போன் செய்தார்.

"லேபிள்ல போட்டதை விட ஜாஸ்தியாவே உயிர் இருக்குங்க ஐயா! வந்து லைசென்ஸை வாங்கிக்குங்க."

சுவரில்

லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டினேன், மனைவி படத்துக்குப் பக்கத்தில். முதலில் பார்க்க வந்தவர் சுப்பையா. நிமிர்ந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நம்ம ஆளுங்களுக்கு கவர்மெண்டே சீல் குத்திட்டான்! இனி தாமிரத்தை டேங்க் பக்கமே விடமாட்டேங்க."

என் சரக்கு உயிரோடு இருக்கிறது என்று முத்திரையே வாங்கிவிட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீசில் போய் நிற்பதுதான் இந்த வருஷத்துக்குப் பாக்கி.