ஓட்டை வைக்காத பலகை

அலைமேல் நின்று போவதற்கென்று ஒரு பலகை உண்டு என்பதே, நான் மரவேலை பார்த்த மிஷன் பள்ளியில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் காட்டிய பத்திரிகைப் படத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நானே ஒன்று செய்கிறேன் என்றேன். கடலே இல்லாத கொடைக்கானலிலா என்று சிரித்தார். எனக்கு ரோசம் அதிகம். அன்று சாயங்காலமே இழைப்புளியைத் தீட்டிவிட்டேன்.

முதல் பலகை ஒரே கட்டையில் செதுக்கியது. ஏரியில் போட்டு ஏறி நின்றால் முழங்கால்வரை அமிழ்ந்தது. அடுத்ததற்குப் படகைப்போல உள்ளே சட்டங்கள் வைத்து, மேலும் கீழும் பிளைவுட் ஒட்டினேன். உள்ளே வெறும் கூடு. மூக்கை எவ்வளவு தூக்குவது, வாலை எவ்வளவு ஒடுக்குவது என்று அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்ததிலேயே மழைக்காலம் போய்விட்டது. இண்டு இடுக்கெல்லாம் பசையால் அடைத்து, மூன்று கை பெயிண்ட் அடித்தேன். ஏரியில் நாள் முழுக்கக் கிடந்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு நீச்சல் சுமார்தான். என் மனைவியின் தம்பி ஏரியில் படகு வலிப்பவன். அந்தக் கையை நம்பித்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. அவனையே கடலுக்குக் கூட்டிப்போனேன்.

சாக்கில் சுற்றிய பலகை பஸ் மேலே. பாதி மலை இறங்கியிருப்போம், தலைக்கு மேல் படீரென்று ஒரு சத்தம்.

“மச்சான், நம்ம பலகையா?”

“சும்மா இரு மாப்ளே. எவனோட தகர டின்னோ உருளுது.”

சொன்ன வாயிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மலைமேல் இறுக மூடிய காலி டின், அடிவாரத்து வத்தலகுண்டு போய்ச் சேர்வதற்குள் நசுங்கிவிடும். மேலே காற்று லேசு, கீழே கனம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நான் பலகையில் காற்று போய்வர ஓர் ஓட்டைகூட வைக்கவில்லை.

கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையில் சாக்கைப் பிரித்தேன். மேல்பலகை லேசாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் மயிரிழை விரிசல். அதற்குள் வலைக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் சுருட்டிக்கொண்டு திரும்ப எனக்கு வெட்கமாக இருந்தது. மச்சினன் தள்ளி நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்; விரிசலைப் பார்க்கவில்லை. நான் விரிசலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, “போ மாப்ளே” என்றேன்.

இரண்டு அலை நன்றாகத்தான் வந்தான். மூன்றாவதில் பலகை தண்ணீர் குடித்து, மூக்கு குத்தி, அவனோடு பாறைப் பக்கம் போய்விட்டது. வலைக்காரர்கள்தான் இழுத்துப்போட்டார்கள். பிளந்த பிளைவுட் அவன் வலது உள்ளங்கையைக் கிழித்திருந்தது. மூன்று விரல் இனி மடங்காது என்றார் டாக்டர். துடுப்பைப் பிடிக்க முடியாது.

அதன்பிறகு நான் செய்த பலகை எல்லாவற்றிலும் ஓட்டை போட்டுத் தக்கை வைத்தேன். என்ன பிரயோசனம்?

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் என்னைத்தான் தேடினான்.

“மச்சான், நாந்தான் பாறையில கொண்டுபோய் மோதி ஒடச்சுப்புட்டேன். எத்தன மாசப் பாடு. கோவிச்சுக்கிறாதீங்க.”

உண்மையைச் சொல்ல நல்ல நேரம் அது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

“அதுக்கென்ன மாப்ளே, போகுது விடு” என்றேன். மன்னித்துவிட்டவனைப்போல அவன் தோளைத் தட்டியும் கொடுத்தேன்.