அண்ணாந்து குடித்த டீ

கம்பெனி டீ ரூமுக்கு முதன்முதலாகப் போகிறவளுக்கு என்னென்ன காத்திருக்கும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாக்காவது தப்பித்திருக்கும்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வண்டிகளுக்கு வயர் பின்னுகிற சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பத்தாவது முடித்து இரண்டு வருஷமாக அரிசியில் கல் பொறுக்கி அலுத்துப் போயிருந்தேன். வாலாஜாபாத்துக்குக்கூடத் தனியாகப் போகாதவளுக்கு வேலை ஒரு கேடா என்று அப்பா குதித்தார். கடைசியில், "ஒரு நாள் போய்ப் பாரு. கண்ணக் கசக்கினு வந்தன்னா அத்தோட சரி" என்றார். நானும் வீம்புக்குச் சரி என்றுவிட்டேன்.

பத்து மணிக்கு பெல் அடித்தது. எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய கெட்டில், கழுவி அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள். பத்தே நிமிஷத்தில் மறு பெல் அடித்துவிடும். பக்கத்திலிருந்த அக்கா ஊதி ஊதி, நாலு உறிஞ்சலில் டம்ளரைக் காலி செய்துவிட்டாள்.

எனக்கு அங்கேதான் வந்தது வினை. எங்கள் வீட்டில் டம்ளரில் உதடு படக்கூடாது. தண்ணீரோ காபியோ, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். எச்சில் விஷயத்தில் அப்பா லேசில் விடமாட்டார். வீட்டில் ஆற்றிக் கொடுப்பார்கள், தொல்லையில்லை. இங்கே கொதிக்கிற டீ, ஊரார் வாய் வைத்த டம்ளர். தலையைத் தூக்கி ஊற்றிக்கொண்டேன்.

அம்மாடி. துப்பலாம் என்றால் எதிரே மேனேஜர் வந்து நிற்கிறார். புதிதாக வந்தவர்களை டீ ரூமில்தான் விசாரிப்பாராம். இரண்டு கன்னமும் உப்பி, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பாவம், நல்ல மனுஷர். வீட்டு ஞாபகத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். பயப்படாதே, மத்தியானப் பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விடலாம் என்று ஆறுதல் சொன்னார். அந்த அக்கா வேறு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு வந்ததே ஒரு கோபம். முழு நாள்கூடத் தாங்கவில்லை என்று அப்பா தெருவையே கூட்டிச் சொல்வாரே.

மடக்கென்று விழுங்கினேன். மேனேஜர் கண்ணெதிரிலேயே மிச்ச டீயை ஊதி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக டம்ளரில் வாய் வைத்து உறிஞ்சிக் குடித்தேன்.

"நான் அழுவல சார். டீ சுட்டுட்ச்சு. நாளைக்கும் வருவேன்."

அவர் சிரித்த சிரிப்பில் மறு பெல் அடித்ததே எங்களுக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் வெந்த நாக்கோடு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வாய் வைத்ததையும் சொன்னேன். வேலைக்கு முழுக்குதான் என்று பயந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

காலையில் என் சாப்பாட்டுப் பையில் ஒரு டம்ளர் இருந்தது. வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாத, அப்பாவுடைய டம்ளர்.

"இத எட்துகினு போ" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வாய் வச்சே குடி. சுட்டுக்காத" என்றார்.