ஆறு வருஷம் மாற்றாத பாஸ்வேர்டு

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜுக்கு நான் மானேஜர். அங்கே வைஃபை பாஸ்வேர்டை ஆறு வருஷமாக மாற்றாமலே இருந்தோம். மாற்றவிடாதவனும் நான்தான்.

சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எங்கள் தொழில் வேறு மாதிரி. சாரல் தொடங்கினால் வருஷா வருஷம் அதே குடும்பங்கள் வரும், அதே அறையைக் கேட்கும். கார் கேட்டுக்குள் நுழையும்போதே அவர்கள் போன் தானாக எங்கள் வைஃபையில் சேர்ந்துவிடும். "அண்ணாச்சி, எங்கள மறக்கல பாத்தீங்களா" என்று சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அந்தச் சிரிப்புக்காகவே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் வரவேற்பறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தேன். அதை மாற்றினால் சொந்தக்காரனை வாசலில் நிறுத்தின மாதிரி என்று முதலாளியிடமே மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

அது பாதி உண்மை. மீதி என் மகள்.

அவள் காலேஜில் சேர்ந்தபோது நான் ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். அதில் முதலில் போட்ட வைஃபை எங்கள் லாட்ஜுடையதுதான். போனுக்கு "அப்பா தந்தது" என்று பெயர்கூட வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். "இனி என் வாசல மிதிக்காத" என்று கத்திவிட்டேன். நாக்கில் சனி. அவளுக்கும் என் ரத்தம்தானே, மிதிக்கவே இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிறாள். என் மனைவியோடு போனில் பேசுவாள். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். அவளாக என்னிடம் பேசட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

என்றைக்காவது இந்தப் பக்கம் வந்தால் அந்தப் போனாவது எங்களை அடையாளம் கண்டுகொள்ளும் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. அதனால் பாஸ்வேர்டில் கைவைக்க மனசு வரவில்லை.

இந்த ஆடியில், மதுரையிலிருந்து வருஷந்தோறும் வருகிற டீச்சரம்மா ஒருவர் போனும் கையுமாக வந்து நின்றார். அவருடைய மெயிலுக்குள் அவரே போக முடியவில்லை. அவர் பெயரில் சொந்தக்காரர்களுக்கு என்னென்னவோ கடிதம் போய்க்கொண்டிருந்தது. "என் மக கல்யாணப் போட்டோ பூரா அதுலதாண்ணே இருக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கடையநல்லூரிலிருந்து, நெட்வொர்க் வேலை பார்க்கிற ஒரு அம்மாளை வரவழைத்தோம். இங்கே பல லாட்ஜுகளுக்கு அவர்தான் வேலை பார்க்கிறார். சுவரைப் பார்த்ததுமே தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களே ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்கீய! எவனோ ரோட்டுல நின்னுக்கிட்டு இதே பேரு, இதே பாஸ்வேர்டுல இன்னொரு வைஃபை வச்சிருக்கான். டீச்சர் போனு நம்மதுன்னு நம்பி அதுல போய்ச் சேந்துட்டு. மெயில் பாஸ்வேர்டு போடுன்னு அவன் திரையில கேட்டிருக்கான், இவுகளும் போட்டுட்டாவ."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் போன் நம்பினது என் சுவரைத்தானே.

மாற்றுவதற்கு முன் நம் வைஃபைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தார். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். தங்கியிருந்தவர்கள் இருபது பேர். பட்டியலில் நாற்பத்தொரு போன். எதிர் டீக்கடை, பக்கத்து லாட்ஜ் வாட்ச்மேன், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் வரைக்கும் இருந்தார்கள். அடப்பாவிகளா என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வரியில் "அப்பா தந்தது" என்று இருந்தது. சேர்ந்து பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

செருப்புப் போடாமல் ஓடினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ரோடு நிறைய வேனும், ஈரத்துண்டோடு திரும்புகிற கூட்டமும். முகம் முகமாகப் பார்த்தேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "மஞ்ச சுடிதார் போட்ட பிள்ள ஒண்ணு உங்க போர்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சி அண்ணாச்சி. டீ சொல்லிச்சி, குடிக்காமப் போயிட்டு" என்றார். பலகையில் அந்த டீ இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் அந்தப் பெயரும் இல்லை.

"இன்னிக்கு மாத்தாண்டாம்மா. ஒரு வாரம் போகட்டும்" என்றேன்.

"அதுக்குள்ள இன்னும் யாரு மெயிலு போகணும் அண்ணாச்சி?"

டீச்சரம்மா சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் மகளுக்காக இன்னொருத்தி மகளின் கல்யாணப் போட்டோவைப் பணயம் வைக்க நான் யார்? மாற்றச் சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாள் பெயரையே மாற்றினார். அறைக்கு அறை தனிப் பாஸ்வேர்டு, அறையைக் காலி செய்ததும் அது செத்துவிடும். சிக்னல் ரோட்டுக்குப் போகக் கூடாதென்று, வாசல் சுவரிலிருந்த வைஃபை பெட்டியைக் கழற்றி உள்ளே மாட்டினார். சாயங்காலத்துக்குள் டீச்சரம்மாவுக்கு மெயிலையும் மீட்டுக் கொடுத்தார். சுவர் எழுத்தின்மேல் நானே பெயிண்ட் அடித்தேன். அடிக்கும்போது அழுகை வந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது.

புறப்படும்போது அவர், "பழைய ஆளுக எல்லாருக்கும் சொல்லிருங்க. அந்தப் பேர அவுக அவுக போன்லருந்து அழிக்கணும். இல்லேன்னா அவன் வேற எங்கன நின்னாலும் மாட்டிக்கிடுவாவ" என்றார்.

எல்லாருக்கும் என்றால் அவளுக்கும்தானே. மனைவியிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் முதன்முதலாக அவள் நம்பருக்கு எழுதினேன். "லாட்ஜ் வைஃபைல எவனோ வேலை காட்டிட்டான். அந்தப் பேர போன்லருந்து அழிச்சிரு. எங்கன பாத்தாலும் சேராத."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அழிச்சிட்டேன்ப்பா. அப்போ இனிமே ரோட்டுல நின்னா கிடைக்காதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்.

"கிடைக்காதுட்டி. உள்ள வந்தாத்தான் கிடைக்கும். ரெண்டு பேரும் வாங்க."

படித்துவிட்டாள், நீலக்குறி விழுந்தது. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. வரவேற்பறையில் என் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.